அத்தியாயம் 7: அணைந்து கிடக்கும் சர்வரோடு பேசுவது

முந்தைய அத்தியாயங்களில் எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து வேலை செய்தோம். அந்த வழி திறக்க வேண்டுமானால் உள்ளே இயங்குதளம் உயிரோடு இருக்க வேண்டும். கெர்னல் உறைந்துபோனாலோ, டிஸ்க் பழுதாகி பூட் ஆகாமல் நின்றாலோ, ஃபயர்வால் விதியை மாற்றும்போது நம்மையே நாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாலோ எஸ்எஸ்ஹெச் பதில் சொல்லாது. சர்வர் இருக்கும் ஊருக்கு வண்டி ஏறத்தான் வேண்டும் என்று அப்போது தோன்றும். பெரும்பாலும் ஏற வேண்டியதில்லை.

டேட்டா சென்டரில் நிற்கும் சர்வர்களின் மதர்போர்டில் இன்னொரு சின்னக் கணினி உட்கார்ந்திருக்கிறது. பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பது அதன் முழுப்பெயர். எல்லோரும் பிஎம்சி என்பார்கள். அதற்குத் தனிச் சிப், தனி நினைவகம், தனி ஐபி முகவரி, தனிக் கடவுச்சொல். சர்வரை அணைத்திருந்தாலும் மின்கம்பி செருகியிருக்கும்வரை பிஎம்சி விழித்திருக்கும். டெல் சர்வரில் ஐடிராக், ஹெச்பிஇ சர்வரில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். சர்வரை ஏற்றலாம், அணைக்கலாம். வெப்பநிலை, மின்விசிறி, மின்சப்ளை நிலவரம் பார்க்கலாம். எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லலாம்.

பிஎம்சிக்கு ஒரு வலைப்பக்கம் உண்டு. உலாவியில் திறந்து பொத்தான்களை அழுத்தலாம். ஒரு சர்வருக்கு அது போதும். நாற்பது சர்வருக்கு நாற்பது முறை உள்நுழைந்து அழுத்த முடியாது. முப்பத்தேழாவதில் கை தவறும். அதனால்தான் நிரல் மூலமாகப் பேசும் இடைமுகத்தைக் கற்றுக்கொள்கிறோம்.

பழைய வழிகளை ஏன் விடுகிறோம்?

1998இல் இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஐபிஎம்ஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. யுடிபி 623ஆம் போர்ட்டில் அது இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்தால் நிறுத்திவிடுங்கள் என்பேன். ஐபிஎம்ஐ 2.0இல் உள்நுழைய முயல்பவர் யார் என்று உறுதியாவதற்கு முன்பே, அந்தப் பயனரின் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹாஷை பிஎம்சி அவருக்கு அனுப்பிவிடுகிறது. வாங்கியவர் அதைத் தன் கணினியில் வைத்து ஓய்வாக உடைத்துப் பார்க்கலாம். 2013இல் இது பரவலாகத் தெரியவந்தது. விதிமுறையே அப்படி எழுதப்பட்டிருப்பதால், விதிமுறையை மீறாமல் எந்த நிறுவனமும் அதை முழுதாகத் திருத்திவிட முடியாது.

இடையில் டபிள்யூஎஸ்-மேனேஜ்மென்ட் வந்தது. சோப் முறையில் எக்ஸ்எம்எல் உறைகளுக்குள் கட்டளைகளை வைத்து அனுப்பும் வலைச்சேவை அது. விண்டோஸில் வின்ஆர்எம் என்ற பெயரில், 5985, 5986 போர்ட்களில் இன்றும் பயன்படுகிறது. விண்டோஸ் சர்வர்களை நிர்வகிப்பவருக்கு அது தேவை. ஆனால் சர்வர் ஓடுகிறதா என்ற ஒரு வரிக் கேள்விக்குக்கூடப் பத்திருபது வரி எக்ஸ்எம்எல் எழுத வேண்டும். பிழை வந்தால் எந்த உறைக்குள் எந்த வரியில் என்று தேட வேண்டும்.

டிஎம்டிஎஃப் என்ற தர அமைப்பு 2015 ஆகஸ்டில் ரெட்ஃபிஷ் விதிமுறையின் முதல் பதிப்பை வெளியிட்டது. ஹெச்டிடிபிஎஸ் வழியாகக் கேள்வி, ஜேசன் வடிவில் பதில். வலைத்தளம் எழுதத் தெரிந்த எவருக்கும் இது ஏற்கெனவே பாதி தெரியும். டெல், ஹெச்பிஇ, லெனோவோ எல்லாம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. இந்த அத்தியாயம் முழுக்க ரெட்ஃபிஷ் பற்றியதுதான்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். அப்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அப்படியே காப்பாற்றுங்கள். ‘பவர்ஸ்டேட்’ என்பதில் ‘பவர்’, ‘ஸ்டேட்’ இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஒன்றைச் சிறிதாக்கினால் உங்கள் நிரலுக்கு அது வேறொரு பெயர்.

முதல் கேள்வி

பிஎம்சியின் ஐபி முகவரிக்குப் பின்னால் ‘ரெட்ஃபிஷ்/வி1/’ என்று சேர்த்து உலாவியில் திறங்கள். இந்த முதல் பக்கத்துக்குக் கடவுச்சொல் கேட்காது, விதிமுறையே அப்படி. சர்வீஸ் ரூட் என்று இதற்குப் பெயர். வரும் ஜேசனில் பல இணைப்புகள் இருக்கும். முதலில் மூன்றைப் புரிந்துகொண்டால் போதும்: சிஸ்டம்ஸ், சேஸி, மேனேஜர்ஸ்.

சிஸ்டம்ஸ் என்பது இயங்குதளம் பார்க்கும் கணினி: ப்ராசஸர், நினைவகம், பூட் வரிசை, ஓடுகிறதா இல்லையா என்ற நிலை. சேஸி என்பது கையால் தொடக்கூடிய பெட்டி: மின்விசிறி, வெப்பமானி, மின்சப்ளை. மேனேஜர்ஸ் என்பது பிஎம்சியே. புதிதாக வருபவர்கள் இடறும் இடம் இது. ரீசெட் கட்டளை சிஸ்டம்ஸிலும் இருக்கிறது, மேனேஜர்ஸிலும் இருக்கிறது. சிஸ்டம்ஸின் கீழ் இருக்கும் ரீசெட் சர்வரை மறுபடி தொடங்கும். அதில் ஓடும் டேட்டாபேஸும் விழும். மேனேஜர்ஸின் கீழ் இருப்பது பிஎம்சியை மட்டும் மறுபடி தொடங்கும். சர்வர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிஎம்சி குழம்பி வலைப்பக்கம் திறக்காமல் நிற்கிற நாளில் இரண்டாவது வகை பெரிய உதவி. அனுப்பும் முன் முகவரியில் எந்தச் சொல் இருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

முகவரிகளை மனப்பாடமாக நிரலில் எழுதி வைக்காதீர்கள். டெல் சர்வரில் சிஸ்டத்தின் அடையாளம் ‘சிஸ்டம்.எம்பெடட்.1’, ஹெச்பிஇயில் வெறும் ‘1’. சர்வீஸ் ரூட்டில் தொடங்கி, அது தரும் இணைப்பைப் பிடித்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று போக வேண்டும். இரண்டு கேள்வி கூடுதலாகும். அதற்கு ஈடாக, நாளை வேறு நிறுவனத்தின் சர்வர் வந்தாலும் அதே நிரல் ஓடும்.

உள்நுழைவு

ஒவ்வொரு கேள்வியோடும் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பும் எளிய முறை உண்டு. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவதென்றால் அது போதும். தொடர் வேலைக்குச் செஷன் எடுப்பதே நல்லது. செஷன்ஸ் முகவரிக்குப் பெயரும் கடவுச்சொல்லும் போஸ்ட் செய்தால், 201 என்ற பதிலோடு ஒரு டோக்கன் தலைப்பில் வரும். செஷனின் முகவரியும் லொகேஷன் தலைப்பில் வரும். டோக்கனை அடுத்தடுத்த கேள்விகளில் வைத்து அனுப்புங்கள். வேலை முடிந்ததும் அந்த முகவரிக்கு டிலீட் அனுப்பி மூடுங்கள். மூடாமல் விடுவது பரவலான தவறு. பிஎம்சி ஒரே நேரத்தில் சில செஷன்களைத்தான் தாங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் புதிய செஷன் எடுத்து மூடாமல் போனால், இடங்கள் நிரம்பி, அவசரத்துக்கு நீங்கள் நுழைய வரும்போது கதவு அடைத்திருக்கும். நிரல் பாதியில் பிழையாகி நின்றாலும் டிலீட் போகும்படி எழுதுங்கள்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் தட்டினால் அது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். அதே கணினியில் இருக்கும் மற்றவர் பிராசஸ் பட்டியலிலும் பார்க்க நேரலாம். உரிமை 600 கொடுத்த கோப்பில் வைத்து அங்கிருந்து படிக்க வையுங்கள்.

பிஎம்சி தானே கையெழுத்திட்ட சான்றிதழோடுதான் பெரும்பாலும் வருகிறது. கர்ல் நிரல் அதை நம்ப மறுக்கும். சோதனையைத் தாண்டச் சொல்லும் சின்ன ‘கே’ விருப்பத்தைச் சேர்த்தால் வேலை நடக்கும். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதைச் சேர்த்த பிறகு எதிரில் இருப்பது உங்கள் பிஎம்சிதானா, நடுவில் உட்கார்ந்து கடவுச்சொல்லைப் பிடிப்பவரா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. உங்கள் நிறுவனத்தின் உள்சான்றிதழை பிஎம்சியில் ஏற்ற ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இது அந்தச் சர்வர்தானா?

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால் இந்தப் பகுதியை வையுங்கள்.

ஒருமுறை நான் தவறான சர்வரை அணைத்திருக்கிறேன். கையில் இருந்த பட்டியலில் ஐபி முகவரி சரியாகத்தான் இருந்தது. சில வாரங்களுக்கு முன் ரேக்கில் இரண்டு சர்வர்களை இடம் மாற்றியவர்கள் பட்டியலை மாற்றவில்லை. நான் அணைத்தது பழுதுபார்க்க ஒதுக்கிய சர்வரை என்று நம்பிக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் கணக்குப் பிரிவின் வேலை நின்றுபோயிருந்தது. நேரில் போயிருந்தால் முகப்பில் ஒட்டிய பெயரைப் பார்த்திருப்பேன். தூரத்திலிருந்து செய்யும்போது ஒட்டிய பெயர் கண்ணில் படாது. அதற்கு ஈடாக வேறொன்றைப் பார்த்தாக வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

அந்த வேறொன்று சீரியல் எண். சிஸ்டத்தின் ஜேசனில் சீரியல் எண், மாடல் ஆகியவை இருக்கும். ஹோஸ்ட் பெயரும் பெரும்பாலும் கிடைக்கும். எதையும் மாற்றும் முன் சீரியல் எண்ணைக் கேட்டு, செய்ய நினைக்கும் சர்வரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். கண்ணால் ஒப்பிடுவதோடு நிற்காமல் நிரலையே ஒப்பிட வையுங்கள். அன்று முதல் என் ஸ்கிரிப்ட்கள் ஐபி முகவரியோடு சீரியல் எண்ணையும் கேட்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் எதுவும் செய்யாமல் நின்றுவிடும். டேட்டா சென்டரில் ஆள் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சர்வரின் அடையாள விளக்கை ரெட்ஃபிஷ் வழியாக எரிய வைத்து, “எந்தப் பெட்டியில் விளக்கு எரியுது, பாத்துச் சொல்லுங்க” என்று கேட்கலாம்.

அடையாளம் உறுதியான பிறகு நிலையைப் படியுங்கள். பவர்ஸ்டேட் என்ன? ஹெல்த் ‘ஓகே’வா, ‘வார்னிங்’கா, ‘கிரிட்டிகல்’லா? ஒரு மின்சப்ளை ஏற்கெனவே விழுந்திருக்கும் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

அணைப்பதும் எழுப்புவதும்

ரீசெட் கட்டளைக்கு எந்த முகவரிக்கு போஸ்ட் செய்ய வேண்டும் என்பது சிஸ்டத்தின் ஜேசனிலேயே ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் ‘டார்கெட்’ என்று எழுதியிருக்கும். எந்தெந்த வகை ரீசெட்டை இந்தச் சர்வர் ஏற்கும் என்ற பட்டியலும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். எல்லாச் சர்வரும் எல்லா வகையையும் ஏற்காது. பட்டியலைப் படித்த பிறகு அனுப்புங்கள்.

‘கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்’ என்பது பவர் பொத்தானை ஒருமுறை மெல்ல அழுத்துவதுபோல. இயங்குதளத்துக்குச் சேதி போகும். அது கோப்புகளை மூடிவிட்டு அணையும். இதற்கு வரும் 200 அல்லது 204 பதிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. சேதி சேர்ந்தது என்பதற்குத்தான் அந்தப் பதில். சர்வர் அணைந்துவிட்டது என்று பொருளில்லை. உறைந்துபோன இயங்குதளம் சேதியைக் கண்டுகொள்ளாது. எனவே பதினைந்து விநாடிக்கு ஒருமுறை பவர்ஸ்டேட்டைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் கடந்தும் ‘ஆன்’ என்றே சொன்னால்தான் அடுத்த வகைக்குப் போக வேண்டும். பெரிய டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்கு ஐந்து நிமிடமும் போதாமல் போகலாம். அதை நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

‘ஃபோர்ஸ் ஆஃப்’ மின்சாரத்தை வெட்டுவதற்குச் சமம். நினைவகத்தில் இருந்து டிஸ்க்கில் இன்னும் எழுதாதது எல்லாம் போகும். ‘ஃபோர்ஸ் ரீஸ்டார்ட்’டும் அப்படியே.

இவை இரண்டுக்கும் முன் பலர் மறந்துவிடும் ஒரு வகை இருக்கிறது: ‘என்எம்ஐ’. ப்ராசஸர் புறக்கணிக்க முடியாத ஒரு குறுக்கீட்டை அது அனுப்பும். லினக்ஸில் கேடம்ப் அமைத்து, இப்படிப்பட்ட என்எம்ஐ வந்தால் பேனிக் ஆகும்படி கெர்னலிடம் சொல்லி வைத்திருந்தால், உறைந்த நிலையில் நினைவகத்தில் இருந்ததைக் கெர்னல் டிஸ்க்கில் எழுதிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். ஏன் உறைந்தது என்பதற்கான சாட்சி அந்தக் கோப்பு. வாரம் ஒருமுறை காரணம் தெரியாமல் உறையும் சர்வரை ஒவ்வொரு முறையும் ஃபோர்ஸ் ரீஸ்டார்ட் செய்தால், ஒவ்வொரு முறையும் சாட்சியை நாமே அழிக்கிறோம். கேடம்பை இன்றே அமைத்து வையுங்கள். உறைந்த பிறகு அமைக்க முடியாது.

ரீசெட் அனுப்பினீர்கள், பதிலே வரவில்லை, இணைப்பு அறுந்துவிட்டது. என்ன செய்வது? மறுபடி அனுப்பாதீர்கள். முதல் கட்டளை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எழுந்துகொண்டிருக்கும் சர்வரை இரண்டாவது கட்டளை பாதியில் வீழ்த்தும். முதலில் நிலையைப் படியுங்கள். கெட் எத்தனை முறை அனுப்பினாலும் எதுவும் மாறாது. போஸ்ட் ஒவ்வொரு முறையும் ஒரு செயல். தோற்றால் தானாக மூன்று முறை முயலும் நூலகங்கள் பல உண்டு. அவற்றில் அந்த வசதியை கெட்டுக்கு மட்டும் விட்டுவைத்து, போஸ்ட்டுக்கு நிறுத்துங்கள்.

ஒருமுறை மட்டும் நெட்வொர்க்கிலிருந்து பூட்

புதிதாக இயங்குதளம் நிறுவ வேண்டும் என்றால், சிஸ்டத்துக்கு ஒரு பேட்ச் அனுப்பி, பூட் பகுதியில் இலக்கை ‘பிஎக்ஸ்இ’ என்றும் செயல்படும் விதத்தை ‘ஒன்ஸ்’ என்றும் வைக்கிறோம். பிறகு ரீஸ்டார்ட். இரண்டாவது மதிப்பில் கவனம் வேண்டும். ‘ஒன்ஸ்’ என்பதற்குப் பதில் ‘கன்டினியுவஸ்’ என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சர்வர் நெட்வொர்க்குக்குப் போகும். அங்கே டிஸ்க்கை அழித்து நிறுவும் தானியங்கி நிரல் காத்திருந்தால், மாதக்கணக்கில் ஓடிய சர்வர் ஒரு சாதாரண ரீஸ்டார்ட்டில் வெறுமையாகும். பேட்ச் அனுப்பியதும் அதே பகுதியைக் கெட் செய்து, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

இருவர் ஒரே நேரத்தில் மாற்றும் நிலை வந்தால் ஈடேக் உதவும். படிக்கும்போது வரும் ஈடேக் மதிப்பைப் பேட்சோடு சேர்த்து அனுப்பினால், இடையில் வேறொருவர் மாற்றியிருக்கும்போது பிஎம்சி 412 என்று மறுத்துவிடும். மறுபடி படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பயாஸ் அமைப்புகள் பெரும்பாலும் உடனே மாறுவதில்லை. காத்திருப்பில் எழுதப்பட்டு அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் அமலாகும். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது 202 என்ற பதிலும் ஒரு டாஸ்க் முகவரியும் வரும். முடியும்வரை அந்த டாஸ்க்கைக் கேட்டுக்கொண்டிருங்கள், நடுவில் மின்சாரத்தைத் தொடாதீர்கள்.

எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பரவலாகப் பயன்படும் ஆஸ்பீட் ஏஎஸ்டி2500 சிப்பில் இருப்பது 800 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் ப்ராசஸர். நம் கையில் இருக்கும் ஃபோனைவிட மெதுவானது. விநாடிக்கு ஒருமுறை எல்லா வெப்பமானியையும் கேட்டால் திணறும். நிமிடத்துக்கு ஒருமுறை போதும். 503 வந்தால் விலகி நின்று, சற்றுப் பொறுத்து வாருங்கள்.

இந்தக் கதவைக் காப்பது

பிஎம்சியைப் பிடித்தவர் இயங்குதளத்துக்கும் கீழே உட்கார்ந்துவிடுகிறார். டிஸ்க்கை மாற்றினாலும் இயங்குதளத்தை மறுபடி நிறுவினாலும் அவரை விரட்ட முடியாமல் போகலாம். பல நிறுவனங்களின் சர்வர்களில் இருக்கும் ஏஎம்ஐயின் மெகாராக் ஃபர்ம்வேரில் ஒரு ஓட்டை இருப்பது 2025 மார்ச்சில் வெளியானது. கேள்வியின் தலைப்பில் பொய்யான தகவல் வைத்தால் கடவுச்சொல் இல்லாமலே ரெட்ஃபிஷ் வழியாக உள்ளே போக முடிந்தது. அபாய மதிப்பெண் 10க்கு 10. ஹெச்டிடிபிஎஸ், நீளமான கடவுச்சொல் எல்லாம் வைத்திருந்தவர்களும் அதற்கு விலக்கில்லை. தப்பியவர்கள் பிஎம்சியை வெளியார் தொட முடியாத தனி நெட்வொர்க்கில் வைத்திருந்தவர்கள். எனவே பிஎம்சிக்குப் பொது ஐபி வேண்டவே வேண்டாம். தனி விலேன், அதற்குள் போக ஒரே ஒரு கண்காணித்த வழி, அவ்வப்போது ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. தொழிற்சாலைக் கடவுச்சொல்லைப் பெட்டி பிரித்த நாளிலேயே மாற்றுங்கள். வெப்பநிலை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு ‘ரீட்ஒன்லி’ பாத்திரம் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

தனி நெட்வொர்க் என்றதும் இன்னொரு கேள்வியும் வருகிறது: அது உண்மையிலேயே தனியா? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க் ஒரு பராமரிப்புக் கட்டளையால் அறுந்தது; அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வைத்திருந்த சோதனைக் கருவியில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனிப் பாதையும் அன்று வேலை செய்யவில்லை. பொறியாளர்கள் டேட்டா சென்டர்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது; சேவை திரும்ப சுமார் ஆறு மணி நேரம் ஆனது. அவ்வளவு வளம் படைத்த நிறுவனத்துக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம். பிஎம்சிக்குப் போகும் விபிஎன், அதே ரேக்கில் இருக்கும் சர்வரிடம் கடவுச்சொல் சரிபார்க்கிறதா? பிஎம்சியின் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் எங்கே ஓடுகிறது? கடவுச்சொல் பெட்டகம் எங்கே இருக்கிறது?

கையில் உதிரிச் சர்வர் இல்லாதவர்கள் பயிற்சிக்கு டிஎம்டிஎஃப் தரும் மாக்அப் சர்வரைத் தங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். ஓபன்ஸ்டாக் திட்டத்தின் சுஷி-டூல்ஸ் மெய்நிகர் கணினிகளை ரெட்ஃபிஷ் சர்வர்போல நடிக்க வைக்கும். ரீசெட், பேட்ச், செஷன் மூடல் மூன்றையும் அங்கே பத்துப் பத்து முறை செய்து பழகுங்கள். உண்மைச் சர்வர் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். ஒரு விடுமுறை நாளில், அலுவலக நெட்வொர்க்கையும் உள்டிஎன்எஸ்ஸையும் தொடாமல், காகிதத்தில் எழுதிய ஐபி முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு அவசரப் பாதை வழியாக ஒரு பிஎம்சியின் சர்வீஸ் ரூட்டைத் திறக்க முயலுங்கள். திறக்காவிட்டால், தடுத்தது எது என்று எழுதி வைத்துச் சரிசெய்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.